சத்தம்: உண்டு

பிப்ரவரி 12, திங்கள்

மதுரைக்கு வந்து சேர்ந்தோம். மருத்துவமனைக்கு எட்டு நிமிட நடை, ஆட்டோவில் மூன்று. மாடி போர்ஷன். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மொட்டைமாடிக்குப் பதினெட்டுப் படி. தண்ணீர் காலை ஆறிலிருந்து ஏழு வரை. அடுப்பில் இடது பக்கம் எரியவில்லை.

இருபத்தெட்டாவது வாரத்திலிருந்து நோயாளி இருபது நிமிடத்துக்குள் வந்து சேரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது டாக்டரின் நிபந்தனை. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அது முடியாது. எனவே கல்லூரியில் மூன்று மாத விடுப்பு. துறைத்தலைவர் கையெழுத்துப் போடும்போது, "தங்கச்சிக்காகவா மேடம்?" என்று கேட்டார். வேறு யாருக்காக என்று நினைத்தாரோ.

சுகிர்தா என்னைவிடப் பத்தொன்பது வயது இளையவள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான்தான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சரியாகச் சொன்னால், அவள் வளர்ந்த வீட்டில் நானும் இருந்தேன். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் அவளுக்கு இதய வால்வு ஒன்று கெட்டுப்போனது. பத்தொன்பது வயதில் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சத்தம் உண்டு. தகர டப்பாவுக்குள் போட்ட கைக்கடிகாரம் போல. விசிறி ஓடாத அறையில் நான்கடி தூரத்துக்குக் கேட்கும். வாயைத் திறந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. "ஒளிஞ்சு விளையாட என்னைய யாரும் சேக்க மாட்டாவ" என்பது அவளுடைய பழைய நகைச்சுவை.

கல்யாணத்துக்குப் பிறகும் பெரும்பாலும் அவள் என்னோடுதான் இருக்கிறாள். அவள் கணவர் ஜெபராஜுக்கு மஸ்கட்டில் வேலை. சத்தம் எந்த அறையில் கேட்கிறது என்பதை வைத்துத்தான் பத்து வருடமாக அவள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.

கர்ப்பம் வேண்டாம் என்று நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

பிப்ரவரி 14, புதன்

டாக்டர் மெஹருன்னிசாவைப் பார்த்தோம். என் வயதுதான் இருக்கும். வீண் ஆறுதல் சொல்வதில்லை, பிடித்திருந்தது.

ரத்தம் உறையாமலிருக்க சுகிர்தா இத்தனை வருடம் சாப்பிட்ட மாத்திரை, அவளுக்குத் தேவைப்படும் அளவில், குழந்தைக்கு ஆகாது. அதற்குப் பதிலாக ஊசி. காலை எட்டு, மாலை எட்டு, வயிற்றுத் தோலுக்கு அடியில். ஊசி மாத்திரை அளவுக்கு உறுதியானதில்லை. கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும். எனவே வாராவாரம் ரத்தப் பரிசோதனை.

"வால்வுல கிளாட் பிடிச்சா, மழைக்காலத்துல கதவு ஊறி ஒட்டிக்குமே, அந்த மாதிரி" என்றார். "மொதல்ல சத்தம் மங்கும். மூச்சு வாங்குறது அதுக்கு அப்புறம்தான். அதனால தினமும் ஒரு தடவை நீங்க கேக்கணும். நெஞ்சுல காதை வச்சுக் கேளுங்க."

ஓர் அட்டை கொடுத்தார். நாளுக்கு மூன்று கட்டம். ஊசி. குழந்தையின் அசைவு. சத்தம்.

"அக்கா பிராக்டிகல் ரெக்கார்டு மாதிரி எழுதிருவாங்க டாக்டர். மார்ஜின்லாம் விட்டு" என்றாள் சுகிர்தா.

"நீங்க என்ன சப்ஜெக்ட்?" என்று என்னைக் கேட்டார் டாக்டர்.

"இயற்பியல்."

"அப்ப சரி" என்றார். என்ன சரி என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

முறை: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தூங்குவாள். விசிறியை அணைத்துவிட்டு வாசலில் நின்று கேட்பேன். கட்டிலிலிருந்து வாசல் ஆறடி இருக்கும். இந்தத் தெரு அமைதியானது, நன்றாகவே கேட்கிறது. நெஞ்சில் காதை வைத்தால் தூக்கம் கலையும். தவிர, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

ஊசி: இரண்டு. அசைவு: பதினான்கு. சத்தம்: உண்டு.

பிப்ரவரி 20, செவ்வாய்

குழந்தையின் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியில் இன்று முதன்முறை. வயிற்றில் பட்டையைக் கட்டி, அரை மணி நேரம் காகிதத்தில் கோடு போட விடுகிறார்கள். நர்ஸின் பெயர் பஞ்சவர்ணம். கோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் சுகிர்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஷின் எண்ணுதே. கை எதுக்கு?" என்று கேட்டேன்.

"அதை நம்ப முடியாது மேடம். சில சமயம் பிள்ளைத் துடிப்பை விட்டுட்டு அம்மா துடிப்பைப் பிடிச்சுக்கும். கோடு என்னமோ அழகாத்தான் வரும். பிள்ளை நல்லாருக்குன்னு நாம பாட்டுக்கு உக்காந்திருப்போம். உள்ள பிள்ளை என்ன பாடுபடுதோ. அதான் நாடியைப் பிடிச்சுக்கிறது. ரெண்டும் ஒண்ணா விழுந்துச்சுன்னா, நாம கேக்குறது பிள்ளையை இல்ல."

நியாயமான சோதனை. எந்த அளவீட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும்.

"எங்கிட்ட அந்தக் குழப்பமே வராது சிஸ்டர். நான் டிக்குன்னு கேப்பேன். அது வேற மாதிரி கேக்கும்" என்றாள் சுகிர்தா.

"அட ஆமா, கேக்குதே!" என்று பஞ்சவர்ணம் அவள் வாயருகே குனிந்தார். "நல்லதாப் போச்சு. வீட்டுல கடிகாரம் மிச்சம்."

குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு. யாரோ ஈரத் துணியை விடாமல் அடிப்பது போல இருந்தது. சுகிர்தா அழுதாள். நான் காகிதத்தில் நேர அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 21, புதன்

கேஸ் அடுப்பு சரிசெய்தாயிற்று. சத்தம்: உண்டு.

பிப்ரவரி 24, சனி

சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சத்தம் வந்து நின்றது.

"என்னட்டி, படுக்கலியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். யாரும் இல்லை.

"ஏக்கா, கூப்பிட்டியளா?" என்று குளியலறையிலிருந்து அவள் கேட்டாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேல் அவள் குரல் கேட்டது. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இரண்டு சுவர்.

தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டுத் தேடினேன். கேஸ் ரெகுலேட்டர் இல்லை. பல்லி இல்லை. சுவர்க் கடிகாரம் இந்த வீட்டில் கிடையாது. தண்ணீர்க் குழாய் இரண்டு அறைக்கும் பொது. குழாய் ஒலியைக் கடத்தும். அதுதான்.

மதியம் வாசலில் நின்று கேட்டேன். உண்டு.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஜெபராஜ் மாலையில் மஸ்கட்டிலிருந்து கூப்பிடுவார். முதலில் ஊசி போட்டாயிற்றா என்று கேட்பார், பிறகு, "போனை நெஞ்சுல வை சுகி" என்பார். அவள் வைப்பாள். இரண்டு பேரும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். அந்த நேரத்தில் நான் கூடத்தை விட்டுப் போய்விடுவேன்.

அட்டையில் இன்றோடு பதின்மூன்று "உண்டு".

மார்ச் 1, வெள்ளி

செய்முறைத் தேர்வு. விடுப்பில் இருந்தாலும் ஒரு நாள் வந்தே ஆக வேண்டும் என்றார்கள். சுகிர்தாவின் மாமியார் கிரேஸ்மணி அத்தை நேற்றே வந்துவிட்டார். அதிகாலை பஸ்ஸில் பாளையங்கோட்டை.

தனி ஊசல் சோதனை. ஒரு மாணவி குண்டு ஆடுவதைப் பார்த்து முணுமுணுவென்று எண்ணிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றதும் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மேம். ஏதோ சத்தம். எண்ணினது விட்டுப்போச்சு."

எனக்கும் கேட்டது. ஆய்வகத்தில் பன்னிரண்டு ஸ்டாப் கிளாக் இருக்கின்றன; ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அவளுடைய மேசையில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். இந்த வருடம் வாங்கியது. டிஜிட்டல்.

அவளை மறுபடி எண்ணச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அதன்பிறகு அவள் பிழையில்லாமல் எண்ணினாள்.

மார்ச் 2, சனி

காலையில் திரும்பினேன். படியேறும்போதே கிரேஸ்மணி அத்தை மேலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏ ஹெப்சி! புள்ளைக்குச் சத்தம் நின்னுட்டுல்லா! நேத்து மத்தியானம் பக்கத்துலயே படுத்துப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல. நான் பண்ணின ஜெபம் வீண் போகல, ஸ்தோத்திரம்!"

"அத்தை, காது மிஷின் போட்டிருந்தியளா?"

"படுக்கும்போது அத யாரு போடுவா?"

சுகிர்தா இருமும் வரை சிரித்தாள். "அத்தைக்கு இடி இடிச்சாலே கேக்காது. இதுல என் வால்வு கேட்டுட்டாக்கும்."

மதியம் வாசலில் நின்று கேட்டேன். தெளிவாகக் கேட்டது. எழுதினேன். நேற்றைய கட்டம் காலியாக இருந்தது. அட்டையில் காலி இடம் விடுவது எனக்குப் பிடிக்காது. அதையும் நிரப்பினேன்.

மார்ச் 4, திங்கள்

ரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு கொஞ்சம் குறைவு. ஊசியைக் கூட்டியிருக்கிறார்கள். எடை கூடும்போது இப்படி ஆகுமாம். "சத்தம் எப்படி?" என்று டாக்டர் கேட்டார். அட்டையைக் காட்டினேன். வெளியில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். "குட்" என்றார்.

உண்மையில் முன்பைவிட நன்றாகக் கேட்கிறது. இப்போது விசிறியை அணைக்க வேண்டியதில்லை.

மார்ச் 5, செவ்வாய்

இன்று ஜெபராஜ் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"மைனி, சத்தம் கேக்கல. நெட்வொர்க்கா என்னன்னு தெரியல. உங்களுக்குக் கேக்கா?"

நான் கூடத்தில் நின்றிருந்தேன். சுகிர்தா படுக்கையறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

"நல்லாக் கேக்கு" என்றேன்.

அவர் பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. "நீங்க சொன்னாச் சரிதான் மைனி."

மார்ச் 7, வியாழன்

மூன்றாவது தலையணை கேட்டாள்.

"பிள்ளை மேல ஏறி நிக்கிக்கா. மல்லாக்கப் படுத்தா முட்டுது."

முப்பதாவது வாரத்தில் இது எல்லோருக்கும் வருவதுதான் என்று டாக்டர் கொடுத்த புத்தகத்திலேயே இருக்கிறது. பக்கம் பதினொன்று. தலையணை உறை துவைத்தேன். உண்டு.

மார்ச் 9, சனி

காய்கறிக் கடைக்குப் போனேன். சத்தமும் கூட வந்தது.

சாலையைக் கடக்கும்போது ஒரு வேன் வந்ததால் ஓட வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அதுவும் வேகமாக இருந்தது, பிறகு மெதுவாகக் குறைந்தது. கடைக்காரப் பெண் வெண்டைக்காயைத் தராசில் போட்டுக்கொண்டே என் பையைப் பார்த்தாள். "உள்ள என்னக்கா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். காலிப் பையைத் திறந்துகாட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை.

தூக்கம் குறைவாக இருப்பதால் காதில் ஏதாவது ஒலிப்பது சகஜம்.

வெண்டைக்காய் முற்றல்.

மார்ச் 12, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. இப்போது இதய சிகிச்சைப் பிரிவின் வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று மதியம் இரண்டே கால். அட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். உடனே கேட்டது. போன வாரம் முழுவதும் அப்படித்தான், காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. பேனாவைத் திறந்தேன்.

அவள் மூன்று தலையணையில் சாய்ந்து, ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில், தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் கழுத்தில் விழுந்திருந்தது. கழுத்தில் துடிப்பு தெரிந்தது. ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில் அது இரண்டு தடவை துடித்தது.

வால்வு ஒரு துடிப்புக்கு ஒரு தடவைதான் மூடும். இது எனக்குப் பத்து வருடமாகத் தெரியும்.

பஞ்சவர்ணம் செய்வதைப் போல மணிக்கட்டில் விரல் வைத்தேன். என்னுடைய மணிக்கட்டில். டிக். விரலுக்கடியில் ஒன்று. டிக். விரலுக்கடியில் ஒன்று. இருபது வரை எண்ணினேன். எதுவும் பிசகவில்லை.

இருபது தற்செயலாகவும் இருக்கலாம். அறையை விட்டு வெளியே வந்து மொட்டைமாடிக்குப் பதினெட்டுப் படியும் வேகமாக ஏறினேன். உச்சி வெயில். மாடியில் துணிகள் அசையாமல் தொங்கின. ஒரு பறவைகூட இல்லை. அவ்வளவு அமைதியில் அது என்னைச் சுற்றி, மிக அருகில், ஓடிக்கொண்டிருந்தது. படிக்குப் படி வேகம் கூடியிருந்தது. என் மூச்சோடு சேர்ந்து இறங்கியது.

இதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தை ஏன் செலவழித்தேன் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

கீழே வந்து, கட்டிலருகே மண்டியிட்டு, அவளுடைய நெஞ்சில் காதை வைத்தேன். தோல் வியர்த்து நனைந்திருந்தது. உள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தலையணையைக் குத்துவது போல வேகமாக ஒன்று. டிக் இல்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். "ஏக்கா, என்ன செய்யுதிய?" என்றாள். முகத்தில் பயம். உடம்புக்கு என்னவோ என்ற பயம் இல்லை அது. நான் அவ்வளவு பக்கத்தில் இருந்ததைப் பார்த்து வந்த பயம்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போணும். மூச்சு முட்டுதா?"

"வியாழக்கிழமைலேர்ந்து கொஞ்சம்."

"ஏன் சொல்லல?"

"பிள்ளை ஏறுதுன்னு நெனச்சேன்." அவள் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "எனக்கே சத்தம் கேக்கலக்கா, போன வாரம் பூரா. ஆனா நீங்க அட்டையில உண்டுன்னு எழுதுனியளே. நமக்குத்தான் கேட்டுக் கேட்டுப் பழகிட்டு போலன்னு விட்டுட்டேன்."

ஆட்டோவில் மூன்று நிமிடம். வழியெல்லாம் அவள் என் தோளில் சாய்ந்து வந்தாள். என் காதுக்குள் அது நின்றபாடில்லை.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் மெஹருன்னிசா வெளியே வந்தார். கையில் அட்டை.

"வால்வுல ஒரு பக்கம் ஆடவே இல்ல. எப்போலேர்ந்துன்னு எனக்குத் தெரியணும். புதுசுன்னா மருந்துல கரைச்சுப் பாக்கலாம். ரொம்ப நாளானது கரையாது, நெஞ்சைத் திறக்கணும். திறந்தா குழந்தைக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. அவளுக்கும்தான்." அட்டையைத் திருப்பினார். "நேத்து வரைக்கும் உண்டுன்னு இருக்கு. அப்ப இன்னிக்குத்தான் போயிருக்கு. சரியா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். அட்டை அப்படித்தான் சொன்னது. என் கையெழுத்து, கறுப்பு மையில், கட்டத்துக்குள் அடங்கி, இருபத்தைந்து தடவை.

"அட்டையைப் பாக்காதீங்க டாக்டர். அது தப்பு."

"எந்தத் தேதி?"

"மூணாவது கட்டம் முழுசும். எது சரி, எது தப்புன்னு எனக்கே தெரியாது. நான் பக்கத்துல போய்க் கேக்கல. ஒரு நாள்கூட."

"அப்ப தினமும் என்னத்தைக் கேட்டீங்க?"

"என்னோடதை."

அவர் கோட்டுப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றாவது கட்டத்தின் மேல், முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை, குறுக்கே ஒரு கோடு போட்டார். இருபத்து நான்கு வருடமாக மாணவிகளின் ரெக்கார்டுகளில் நான் போட்டுவரும் கோடு அது.

பிறகு சுகிர்தாவிடமே போய்க் கேட்டார். ஜெபராஜ் கேட்கவில்லை என்று சொன்ன தேதியை நான் சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார். ஒரு வாரம் இருக்கலாம், மருந்தை மிக மெதுவாக விட்டுப் பார்ப்போம் என்றார். இருபத்தைந்து மணி நேரம். நேற்று மாலை ஐந்துக்கு ஆரம்பித்தார்கள்.

இப்போது பகல் ஒன்று. இன்னும் ஐந்து மணி நேரம்.

மார்ச் 13, புதன்

பாதி திறந்திருக்கிறது. இன்னொரு தடவை மருந்து விடுகிறார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. நூற்று ஐம்பத்திரண்டு. பஞ்சவர்ணம் மணிக்கட்டைப் பிடித்துத்தான் எண்ணினார்.

மார்ச் 15, வெள்ளி

வால்வு இரண்டு பக்கமும் ஆடுகிறது என்று ஸ்கேனில் காட்டினார்கள். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் திறந்து மூடின. "அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர். அவர் அந்தச் சொல்லை அடிக்கடி பயன்படுத்துகிறவர் இல்லை என்று நினைக்கிறேன்.

உள்ளே போய் அவளுடைய நெஞ்சில் காதை வைத்தேன். கேட்டது. என் காதை நான் நம்பவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டேன். விரலுக்கடியில் மெதுவாக ஒன்று. காதில் அதைவிட வேகமாக ஒன்று. இரண்டும் சேரவில்லை. ஒரு நிமிடம் முழுவதும் பார்த்தேன், எங்கோ ஓரிரு இடத்தில் தொட்டுவிட்டு மறுபடி விலகின.

"இன்னும் எவ்வளவு நேரம்க்கா குனிஞ்சு நிப்பிய? முதுகு பிடிச்சுக்கிடும்" என்றாள்.

"பேசாத. வாயைத் திறந்து வை."

திறந்து வைத்துக்கொண்டே சிரித்தாள்.

மார்ச் 19, செவ்வாய்

பிரசவம் வரை வார்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அவளுடைய படுக்கைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி.

அட்டையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன். "இவ்வளவு நாளா நான் வாசல்லதான் நின்னேன் சுகி."

"தெரியும்லா. நான் எங்க தூங்கினேன்? கண்ண மூடிக்கிட்டு, இன்னைக்காவது பக்கத்துல வருவியளான்னு பாத்துக்கிட்டுல்லா கெடந்தேன்."

தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று எழுந்துபோனேன். பாட்டில் நிறைந்துதான் இருந்தது.

மார்ச் 26, செவ்வாய்

இதே கட்டிடத்தில் காது மருத்துவரிடம் போனேன். எல்லாச் சோதனையும் செய்தார்கள். காது நன்றாக இருக்கிறதாம். சிலருக்குத் தங்கள் துடிப்பே காதில் கேட்கும், அது "உஷ், உஷ்" என்றுதான் இருக்கும் என்றார்.

"எனக்கு டிக்குன்னு கேக்குது."

"அப்படி இருக்காதே" என்றார். கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு, என்னிடம் அனுமதி கேட்காமலேயே, நெஞ்சிலும் வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார்.

"உங்களுக்கு வால்வு ஆபரேஷன் எதுவும் ஆகலியே?"

"இல்லை."

"ம். ஸ்டெத்துல ஏதோ கோளாறு" என்றார்.

எனக்கும் அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

ஏப்ரல் 3, புதன்

முப்பத்து நான்கு வாரம், இரண்டு நாள். இன்று காலை பத்து நாற்பதுக்கு அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். பெண். ஒரு கிலோ எழுநூற்று அறுபது கிராம். சுகிர்தா இதய சிகிச்சைப் பிரிவில். ரத்தப்போக்கு அதிகம்; அதனால் உறையாமலிருக்கும் மருந்தை உடனே ஆரம்பிக்க முடியவில்லை; ஆரம்பிக்காமலும் விட முடியாது. டாக்டர் மெஹருன்னிசா மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை காதை வைத்துக் கேட்க என்னை உள்ளே விடுகிறார்கள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

ஏப்ரல் 4, வியாழன்

ரத்தப்போக்கு நின்றது. மருந்து ஆரம்பித்தாயிற்று. கஞ்சி குடித்தாள். "பிள்ளை யார் மாதிரி?" என்று கேட்டாள். இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அட்டையில எழுத வேண்டாம். வாயால சொல்லுங்க."

ஏப்ரல் 5, வெள்ளி

குறைமாதக் குழந்தைகளின் பிரிவிலிருந்து காலையில் ஆள் அனுப்பியிருந்தார்கள். குழந்தை நேற்றிலிருந்து அழுகையை நிறுத்தவில்லையாம். பால் குடித்தது, உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, எடுத்தாலும் அழுகிறது, போட்டாலும் அழுகிறது. அம்மா வர முடியாததால் வேறு யாராவது நெஞ்சோடு அணைத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். தோலோடு தோல் பட வேண்டுமாம். கிரேஸ்மணி அத்தைக்குச் சளி. அவரை உள்ளே விடவில்லை.

வாசலில் விதிகள் ஒட்டியிருந்தன. வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கூடாது. முழங்கை வரை சோப்புப் போட வேண்டும். எனக்கு வளையலோ மோதிரமோ இல்லை. கடிகாரத்தைக் கழற்றிச் செருப்பு அலமாரிக்கு மேலே இருந்த பெட்டியில் போட்டேன். முன்பக்கம் திறக்கும் ஒரு கவுனைக் கொடுத்தார்கள். ஒரு திரைக்குப் பின்னால் சாய்வு நாற்காலி. இளம் நர்ஸ் ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து என் நெஞ்சின்மேல் வைத்து, ஒரு துணியால் சுற்றிக் கட்டினாள். உள்ளங்கை அளவு முதுகு. அழுகையில் உடம்பு முழுவதும் விறைத்திருந்தது. யாரையும் இப்படி வைத்திருந்த நினைவு எனக்கு இல்லை. சுகிர்தாவை வைத்திருந்திருக்க வேண்டும்.

குழந்தை தலையைத் திருப்பினாள். காது என் நெஞ்செலும்பில் படிந்தது.

அழுகை நின்றது. குறைந்து குறைந்து அல்ல, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல, சட்டென்று. விறைப்பு தளர்ந்தது. கண்கள் திறந்திருந்தன.

முப்பத்து நான்கு வாரம் அந்தச் சத்தத்துக்கு மிக அருகில் இருந்தவள். வெளியே வந்ததும் அது எங்குமே இல்லை. அதனால்தான் அழுதிருப்பாள், இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. இப்போது எதற்காக நிறுத்தினாள் என்பதை நான் எழுதப் போவதில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் இளம் நர்ஸ் பால் அளந்துகொண்டிருந்தாள். அளப்பதை நிறுத்தினாள்.

"மேடம், வாட்ச்சை வெளியவே கழட்டி வச்சுட்டு வரச் சொன்னோம்ல? சத்தம் கேக்குது பாருங்க."

திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். நான் இரண்டு கைகளையும் தூக்கி முழங்கை வரை காட்டினேன். அவள் என் கைகளைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள்.

குழந்தை தூங்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.